பெட்டியும் கோப்பும்: திருவனந்தபுரத்து வீட்டு ஆய்வகங்களும் ஒரு பழைய உரிமைக் கேள்வியும்

2001ஆம் ஆண்டு ஜூலை 20 அன்று திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த அமைப்புகளுக்கு அடுத்ததாக எழுந்த அமைப்பு அது. ரிச்சர்ட் ஸ்டால்மன் நேரில் வந்து தொடங்கிவைத்தார். ஒரு நிரலை இயக்கவும், பயிலவும், மாற்றவும், பிறரோடு பகிரவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்ற நான்கு கோட்பாடுகள் அந்நகரின் அரசியல் பேச்சுக்குள் நுழைந்தன. கேரளப் பொதுவெளியில் அவை பெற்ற இடத்தை இந்தியாவின் வேறெந்த மாநிலத்திலும் பெறவில்லை.

அதே நகரின் வடபுறத்தில், கழக்கூட்டம், காரியவட்டம் பகுதியில், 1990இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க் வளர்ந்துகொண்டிருந்தது. கெல்ட்ரானை உருவாக்கிய கே. பி. பி. நம்பியாரின் முனைப்பிலும் ஜி. விஜயராகவனின் நிர்வாகத்திலும் எழுந்த நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அது. அதைச் சுற்றியிருந்த வாடகை அறைகளில் அடுத்த பத்தாண்டுகளில் நடந்த கல்வியைப் பற்றி எந்த அரசாணையும் பேசவில்லை. எந்த மாநாடும் அதைக் கொண்டாடவில்லை. பிணையத் துறையில் வேலை தேடிய பொறியியல் பட்டதாரிகள் தங்கள் மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் ரவுட்டர்களை ஓட்டிப் பழகினர். ரவுட்டரை அவர்கள் விலைக்கு வாங்கவில்லை. அதன் இயங்குதளத்தை ஒரே கோப்பாக, கைமாறிக் கைமாறி வந்த இமேஜாகப் பெற்றனர். மேற்சொன்ன நான்கு உரிமைகளில் ஒன்றுகூட அந்தக் கோப்பின் மீது அவர்களுக்கு இருக்கவில்லை. கட்டற்ற மென்பொருளின் இந்தியத் தலைநகராகத் தன்னைக் கருதிக்கொண்ட ஊரில், பிணையக் கல்வியின் ஒரு பகுதி உரிமமற்ற நகலின் மேல் நின்றது. இந்த முரண் எப்படி உண்டாயிற்று, அதில் யார் பங்கு எவ்வளவு என்பது பிணையத் துறையின் சமூக வரலாற்றில் பெரிதும் எழுதப்படாத பக்கம்.

ரவுட்டர் ஒரு காலத்தில் பெட்டியாகவே அறியப்பட்டது. தமிழில் திசைவி என்று கலைச்சொல் அமைந்திருந்தாலும் ஆய்வகத்தில் புழங்கும் பெயர் ரவுட்டர்தான். சிஸ்கோ நிறுவனம் 1993இல் சிசிஐஇ என்ற நிபுணர் சான்றிதழை அறிமுகப்படுத்தியது. எழுத்துத் தேர்வுக்குப் பிறகு, உண்மைக் கருவிகளின் முன் அமர்ந்து பிணையத்தை அமைத்துக் காட்ட வேண்டிய செய்முறைத் தேர்வு அதன் உயிர்நாடி. அதற்குத் தயாராக ஒருவருக்குக் குறைந்தது ஐந்தாறு ரவுட்டர்களும் இரண்டொரு ஸ்விட்சுகளும் தேவைப்பட்டன. சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூர் எஸ். பி. சாலையிலும் பழைய கருவிகளைத் தேடி அலைந்தவர்களுக்கு 2500 வரிசைப் பெட்டிகள் நினைவிருக்கும். 2501 என்ற மாதிரியில் ஓர் ஈதர்நெட் வாயும் இரண்டு சீரியல் வாய்களும் இருந்தன. உள்ளே 20 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் மோட்டரோலா 68030 செயலி. இரண்டு பெட்டிகளை நேரடியாகச் சீரியல் கம்பியால் இணைத்தால், எந்த முனை கடிகாரத் துடிப்பைத் தர வேண்டும் என்பதைக் கட்டளையிட்டுச் சொல்ல வேண்டும்; மறந்தால் இணைப்பு எழாது. இரவு முழுவதும் விசிறிச் சத்தம், அறையில் கூடும் வெப்பம், மாதக் கடைசியில் மின்கட்டணம் என்று அந்த ஆய்வகத்துக்குப் பணம் மட்டுமன்றி இடமும் வேண்டியிருந்தது. நான்கு பேர் பகிரும் வாடகை அறையில் ஆறு ரவுட்டர்களுக்கு இடமில்லை. நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் காலைத் தொடர்வண்டியில் வந்து மாலையில் திரும்பும் மாணவருக்கு அந்த அறைகூட இல்லை.

பெட்டிக்குள் இருந்த மென்பொருள் யாருடையது என்று கேட்டால் வரலாறு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு இட்டுச் செல்கிறது. 1980களின் தொடக்கத்தில் அங்கே மருத்துவப் பள்ளியில் பணியாற்றிய வில்லியம் யேகர், வெவ்வேறு நெறிமுறைகளைப் பேசும் கணினிப் பிணையங்களை இணைக்கும் ரவுட்டர் நிரலை எழுதினார். அதே பல்கலைக்கழகத்தின் கணினிப் பணியாளர்களான லெனர்ட் போசாக்கும் சாண்டி லெர்னரும் 1984இல் சிஸ்கோவைத் தொடங்கினர். யேகரின் நிரலிலிருந்து கிளைத்து வளர்ந்ததே அந்நிறுவனத்தின் முதல் விற்பனைப் பொருள். பல்கலைக்கழகத்தின் உழைப்பைத் தனியார் விற்கலாமா என்ற பூசல் மூண்டது. 1986இல் போசாக் பதவி விலக நேர்ந்தது. 1987இல் ரவுட்டர் மென்பொருளையும் இரண்டு மின்சுற்றுப் பலகை வடிவமைப்புகளையும் ஸ்டான்ஃபோர்டு அந்நிறுவனத்துக்கே உரிமம் அளித்தது. அதற்காகப் பேசப்பட்ட தொகை 19,300 டாலர் ரொக்கமும் 1,50,000 டாலர் ராயல்டியும். பின்னாளில் ஐஓஎஸ் என்று பெயர்பெற்ற இயங்குதளத்தின் வேர் இதுவே. (கைபேசி இயங்குதளத்துக்கு அதே பெயரைச் சூட்ட விரும்பிய ஆப்பிள், 2010இல் சிஸ்கோவிடமிருந்து அப்பெயருக்கு உரிமம் பெற வேண்டியிருந்தது.) பொதுப்பணமும் பல்கலைக்கழக நேரமும் ஊட்டிய நிரல், உரிமம் என்ற ஒற்றைத் தாளால் மூடிய சொத்தாயிற்று. இருபது ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழக மாணவர்களே அதன் நகலை ஒளித்து வைத்துப் படிக்க நேர்ந்ததை நகைமுரண் என்று கடந்துபோகலாம். ஆயினும் அந்த 1987ஆம் ஆண்டு உடன்படிக்கை வேறு வகையில் எழுதப்பட்டிருந்தால் பின்வந்த கதையே வேறாகியிருக்கும்.

மென்பொருளைப் பெட்டியிலிருந்து பிரித்துக் காட்டியவர் பிரான்சின் கொம்பியேன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ஃபியோ. 2005 ஆகஸ்டில் அவர் எழுதத் தொடங்கிய டைனமிப்ஸ் என்ற எமுலேட்டர், சிஸ்கோ 7200 வரிசை ரவுட்டரின் வன்பொருளைச் சாதாரணக் கணினிக்குள் போலியாக எழுப்பியது. 7200இன் செயலி மிப்ஸ் வகையைச் சேர்ந்தது. வீட்டுக் கணினிகளில் இருந்ததோ இன்டெல் வகை. மிப்ஸ் கட்டளைகளை ஓடும்போதே இன்டெல் கட்டளைகளாக மொழிபெயர்த்ததுதான் டைனமிப்ஸின் சாதனை. பிறகு 3600, 3700, 2600 வரிசைகளும் சேர்ந்தன. ஃபியோ தம் நிரலைக் கட்டற்ற மென்பொருளாகவே வெளியிட்டார். ஆனால் சிஸ்கோவின் இமேஜ் இல்லாமல் அது வெற்றுக்கூடு. அந்த இமேஜை அவர் தரவில்லை, தரவும் முடியாது. கூடு கட்டற்றது, உயிர் உரிமத்துக்குள் அடைபட்டது என்ற இந்தப் பிளவு தொடக்கத்திலேயே விழுந்துவிட்டது.

டைனமிப்ஸை ஓட்டியவர் முதலில் கற்றது ரவுட்டிங்கை அன்று, கணினியின் வரம்பை. உண்மை ரவுட்டருக்கு வேலை இல்லாதபோதும் அதன் இயங்குதளம் ஒரு காத்திருப்புச் சுழலில் ஓடிக்கொண்டே இருக்கும். எமுலேட்டர் அதை அறியாமல் அந்த வெறுஞ்சுழலையும் மெய்வேலையாகக் கருதி மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும். ஒரே ஒரு மெய்நிகர் ரவுட்டர், ஒரு பொட்டலத்தையும் கடத்தாமலே, கணினியின் செயலியை முழுதாக விழுங்கிவிடும். இமேஜுக்குள் அந்தச் சுழல் எந்த முகவரியில் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னால், அங்கே வரும்போதெல்லாம் எமுலேட்டர் சற்றுத் தூங்கும். ஐடில்-பிசி எனப்பட்ட இந்த எண் இமேஜுக்கு இமேஜ் மாறும். சரியான எண் அமைந்துவிட்டால் ஆறேழு ரவுட்டர்கள் ஒரே மடிக்கணினியில் அடங்கும். தவறினால் இரண்டே கணினியைத் திணறடிக்கும். நினைவகத்திலும் இதே போராட்டம். ஒரே இமேஜை ஓட்டும் பல ரவுட்டர்கள் அதன் மாறாத பகுதியைப் பொதுவில் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு வந்த பிறகே, 1 ஜிபி நினைவகக் கணினி ஆய்வகமாயிற்று. உற்பத்தியாளரின் எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம் இது. ஓர் இயங்குதளம் சும்மா இருக்கும்போது என்ன செய்கிறது என்பதைத் தேர்வுக்குப் படித்த மாணவரைவிட, மின்விசிறி அலறும் மடிக்கணினியை அமைதிப்படுத்த முயன்ற மாணவர் நன்றாக அறிந்திருந்தார்.

இமேஜின் கோப்புப் பெயரைப் படிப்பதும் ஒரு தனிக் கல்வி. பெயரின் முதற்பகுதி எந்த வன்பொருளுக்கானது என்று சொல்லும். அடுத்த பகுதி எந்த வசதித் தொகுப்பு என்று சொல்லும். கே9 என்ற குறி இருந்தால் வலுவான மறையாக்கம் உண்டு. எம், இசட் என்ற இரண்டெழுத்துகள், கோப்பு சுருக்கப்பட்டிருக்கிறது, நினைவகத்தில் விரிந்து ஓடும் என்பதைக் குறிக்கும். இறுதியில் பதிப்பெண். கல்வெட்டின் எழுத்தமைதியைக் கொண்டு காலம் கணிப்பவருக்கு இந்த வாசிப்புமுறை அந்நியமாகத் தோன்றாது.

டைனமிப்ஸ் வெறும் உரைக்கோப்புகளால் இயக்கப்பட்டது. அதற்கு வரைபட முகப்பை அளித்தது ஜிஎன்எஸ்3. ஜெரமி கிராஸ்மன் தம் முதுநிலைப் படிப்பின் திட்டப்பணியாகத் தொடங்கிய இந்த மென்பொருள், திரையில் ரவுட்டர்களை இழுத்து வைத்துக் கோடுகளால் இணைக்கும் வசதியைத் தந்தது. 2013இல் அடுத்த பதிப்புக்காக அவர் குழு மக்களிடம் நிதி கேட்டபோது 5 லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது. கேட்டதோ 35,000 டாலர். கற்போர் கூட்டம் எவ்வளவு பெரிது, அதன் தேவை எவ்வளவு காலமாகக் கவனிக்கப்படாமல் கிடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சிஸ்கோ மாணவரை முற்றிலும் கைவிட்டது என்று சொல்வதும் நியாயமாகாது. 1997இல் தொடங்கிய அதன் நெட்வொர்க்கிங் அகாடமி, பேக்கட் டிரேசர் என்ற மென்பொருளைக் கல்லூரிகளுக்கு வழங்கியது. ஆனால் பேக்கட் டிரேசர் ஒரு சிமுலேட்டர். ரவுட்டரைப் போல நடிக்கும் நிரல். அதனுள் ஐஓஎஸ் ஓடவில்லை. பாடத்திட்டத்தில் உள்ள கட்டளைகளுக்கு எதிர்பார்த்த விடை வரும். பாடத்துக்கு வெளியே ஒரு கட்டளையைக் கொடுத்தால் கை விரிக்கும். எமுலேட்டரில் ஓடியது உண்மை மென்பொருளே, அதன் குறைகள் உட்பட. அண்டை ரவுட்டரோடு உறவு ஏன் அறுந்தது என்று நள்ளிரவில் பிழைத்தடம் தேடுபவருக்கு இந்த வேறுபாடு முழுமையானது. பல்கலைக்கழக ஆய்வகங்களில் நெடுங்காலம் நிலவிய என்எஸ்-2 போன்ற ஆய்வுச் சிமுலேட்டர்கள் நெறிமுறைகளின் கணித நடத்தையை ஆராய ஏற்றவை. டெக்னோபார்க்கின் நேர்காணல் மேசையில் கேட்கப்பட்ட கேள்விகளோ குறிப்பிட்ட நிறுவனத்தின் கட்டளை வரிகளைப் பற்றியவை. பாடத்திட்டத்துக்கும் வேலைச் சந்தைக்கும் நடுவில் இருந்த இந்த இடைவெளியில்தான் வீட்டு ஆய்வகம் முளைத்தது.

கேரளத்துக்கே உரிய ஒரு சூழல் இங்கே சேர்ந்துகொள்கிறது. யூ. ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையையொட்டி 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம், அரசுப் பள்ளிகளுக்குக் கணினியைக் கொண்டுசென்றது. தொடக்கத்தில் அங்கேயும் விண்டோஸ்தான். ஆசிரியர் சங்கங்களும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் தொடுத்த விவாதங்களுக்குப் பிறகு, அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் பள்ளிகள் ஜிஎன்யு லினக்ஸுக்கு மாறின. 2007ஆம் ஆண்டின் மாநிலத் தகவல் தொழில்நுட்பக் கொள்கை கட்டற்ற மென்பொருளை வெளிப்படையாக ஆதரித்தது. பின்னர் ஐசிஃபாஸ் என்ற அரசு மையம் இதற்கெனவே திருவனந்தபுரத்தில் அமைந்தது. பத்தாம் வகுப்பிலேயே லினக்ஸ் முனையத்தைத் தொட்டிருந்த மாணவருக்கு, கியூஇமு, கேவிஎம் போன்ற மெய்நிகராக்கக் கருவிகள் அச்சுறுத்தலாகத் தோன்றவில்லை. டைனமிப்ஸும் ஜிஎன்எஸ்3உம் லினக்ஸில் இயல்பாக ஓடின. அரசுப் பள்ளியின் கட்டற்ற மென்பொருள் கல்வி, மூடிய மென்பொருளைத் திறமையாகப் பயிலும் களத்தை அமைத்துக் கொடுத்தது என்பது அந்தக் கொள்கையை வகுத்தவர்கள் எதிர்பார்த்த விளைவன்று.

இயக்கத்தின் பார்வை எங்கே நின்றது என்பதும் கவனத்துக்குரியது. அதன் போராட்டக்களம் மேசைக் கணினி, அலுவலகக் கோப்பு வடிவம், மலையாள எழுத்துரு, பள்ளிப் பாடநூல். கண்ணுக்குத் தெரியும் இடங்களில் எல்லாம் உரிமைக் கேள்வி எழுப்பப்பட்டது. அந்தக் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்த பெட்டியின் மென்பொருளைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. கட்டமைப்பு தன் பணியைச் செவ்வனே செய்யும்வரை கண்ணில் படாது என்று தொழில்நுட்பச் சமூகவியலில் சொல்லப்படுவதற்கு இதுவும் எடுத்துக்காட்டு.

இத்தனைக்கும் மாற்று இருந்தது. ஜப்பானியரான குனிஹிரோ இஷிகுரோ 1996இல் தொடங்கிய ஜீப்ரா, லினக்ஸ் கணினியையே ரவுட்டராக்கும் கட்டற்ற மென்பொருள். அதிலிருந்து குவாக்காவும், பின்னர் 2017இல் எஃப்ஆர்ஆரும் கிளைத்தன. கட்டளை வரிகளும் சிஸ்கோவின் சாயலிலேயே அமைந்தன. ஓஎஸ்பிஎஃப், பிஜிபி ஆகிய நெறிமுறைகளைக் கற்க அது போதும். சட்டச் சிக்கல் இல்லை. நினைவகமும் மிகக் குறைவாகவே பிடிக்கும். ஆயினும் வேலை விளம்பரங்கள் கேட்டது நெறிமுறை அறிவை அன்று, நிறுவனச் சான்றிதழை. மாணவரைக் குறைகூறுவோர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றனர். உரிமமற்ற நகலின் தேவையை உண்டாக்கியதில் வேலை தருவோருக்கும் பங்குண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வகையில் சேர்க்கிறது. அதன் 52ஆம் பிரிவு, 1999ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, கற்போருக்குச் சாதகமான இரண்டு விலக்குகளைக் கொண்டிருக்கிறது. ஒரு நிரலின் அடிப்படையான கருத்துகளையும் கொள்கைகளையும் அறிய அதன் இயக்கத்தை உற்றுநோக்குவதும் ஆராய்வதும் சோதிப்பதும் மீறலாகாது. வணிக நோக்கமற்ற சொந்தப் பயனுக்காக நகலெடுப்பதும் மீறலாகாது. வீட்டு ஆய்வகத்தின் வரையறையையே சட்டம் எழுதிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் இரண்டாம் விலக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: மூலநகல் அந்நபரால் சட்டப்படி பெறப்பட்டதாக இருக்க வேண்டும். முதலாம் விலக்கும் நிரல் எந்தச் செயலுக்காக வழங்கப்பட்டதோ அந்தச் செயலின் எல்லைக்குள்ளேயே பேசுகிறது. பழைய பெட்டியை வாங்கியவருக்கு ஓரளவு வாதம் இருக்கலாம். சிஸ்கோவின் உரிம விதிகள் மென்பொருள் உரிமத்தைக் கருவியோடு சேர்த்துக் கைமாற்றுவதைப் பொதுவில் ஏற்பதில்லை என்பதால் அதுவும் வலுவிழந்தது. பெட்டியே இல்லாதவருக்கு வாதமே இல்லை. 63பி பிரிவு, மீறிய நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதற்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. ஆதாயத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லையென்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்கு மிகாத அபராதத்தோடு நிறுத்தலாம். வேலைக்காகக் கற்பது ஆதாயமா? சட்ட மாணவர்கள் எடுத்து விவாதிக்கத் தக்க கேள்வி.

மாணவர் சட்டப்படி ஒரு நகலைப் பெற விரும்பியிருந்தால் எங்கே போயிருக்க முடியும் என்பதே இந்த வரலாற்றின் மையம். 7200 வரிசை இமேஜைத் தனியாக விற்கும் கடை எங்கும் இல்லை. கருவி வாங்கி ஆதரவு ஒப்பந்தம் செய்தவருக்கு மட்டுமே பதிவிறக்கம் திறந்தது. பெட்டியும் மென்பொருளும் பிரிக்க முடியாதவை என்பது நிறுவனம் வெளியுலகுக்குச் சொன்ன நிலைப்பாடு. உள்ளே நடைமுறை வேறாக இருந்தது. சிஸ்கோவின் பொறியாளர்கள் ஐஓயு என்ற உள்கருவியைக் கொண்டு, பெட்டியே இல்லாமல் யூனிக்ஸ் கணினிகளில் ஐஓஎஸ்ஸை ஒரு சாதாரண நிரலாக ஓட்டிச் சோதித்தனர். அது ஒரு கட்டத்தில் வெளியே கசிந்து, இத்தாலியரான ஆண்ட்ரியா டைனீஸ் போன்றோர் எழுதிய முகப்புகளின் வழியே உலகமெங்கும் பரவியது தனிக் கதை. முக்கியமானது வேறு. 2009இல் சிசிஐஇ ரவுட்டிங், ஸ்விட்சிங் செய்முறைத் தேர்வில் பிழைதிருத்தப் பகுதி சேர்க்கப்பட்டபோது தேர்வர் முன் வைக்கப்பட்டவை மெய்நிகர் ரவுட்டர்கள். 2014 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் பதிப்பில் செய்முறைத் தேர்வு முழுவதுமே மெய்நிகர்க் கருவிகளுக்கு மாறியது. தனிமனிதர் சந்தா கட்டி வாங்கக்கூடிய வைரல் என்ற மெய்நிகர் ஆய்வகத்தை அதே நிறுவனம் வெளியிட்டதோ 2014 டிசம்பரில். ஆக, தேர்வு வைப்பவர் மெய்நிகர் ரவுட்டரில் தேர்வு வைத்த ஐந்தாண்டுகளுக்கு மேல், தேர்வு எழுதுபவர் மெய்நிகர் ரவுட்டரைச் சட்டப்படி விலைக்குக்கூட வாங்க வழியில்லை. வாடகை அறை மாணவரின் நகலை மட்டும் திருட்டு என்று குறிப்பிட்டுவிட்டு இந்த இடைவெளியை எழுதாமல் விடும் வரலாறு பாதி வரலாறே.

வைரலின் ஆண்டுச் சந்தா சுமார் 200 டாலர். அன்றைய மதிப்பில் 12,000 ரூபாய்க்கு மேல். பன்னாட்டுப் பணம் செலுத்தும் கடனட்டையும் வேண்டும். மாணவருக்குச் சலுகை விலை இருந்தது என்றாலும், படித்து முடித்து வேலை தேடுபவர் மாணவர் என்ற வகைக்குள் வருவதில்லை. வீட்டு ஆய்வகத்தை நடத்தியவர்களில் கணிசமானோர் அந்த இடைநிலையில்தான் இருந்தனர்.

கற்போர் நகலெடுத்துப் படித்த முதல் நிகழ்வு இதுவன்று. 1970களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரலுக்கு எழுதிய விளக்கவுரை, உரிமத் தடை விழுந்த பிறகு, ஒளிநகலின் ஒளிநகலாக ஒரு தலைமுறைக்கே இயங்குதளம் கற்பித்தது. 1996இல் அது முறையாக அச்சேறியபோது, ஒளித்துப் படித்தவர்கள் பலர் பேராசிரியர்களாகவும் வல்லுநர்களாகவும் இருந்தனர். ஒரு வேறுபாடு உண்டு. லயன்ஸின் வாசகருக்கு மூலநிரல் கிடைத்தது. ஐஓஎஸ் இமேஜில் கிடைத்தது இயங்கும் இருமக் கோப்பு மட்டுமே. திருவனந்தபுரத்து மாணவர் ரவுட்டரை இயக்கக் கற்றார். ரவுட்டரை எழுதக் கற்கவில்லை. உரிமமற்ற நகல் நிறுவனத்துக்கு இழைத்த இழப்பைப் பற்றிய கணக்குகள் நிறைய உண்டு. பழகிய கைகளைச் செலவின்றி அதே நிறுவனத்துக்குத் தயார்செய்து கொடுத்ததை யாரும் கணக்கெழுதியதில்லை.

கடந்த பத்தாண்டில் நிலைமை மாறிவிட்டது. பெட்டிகளை விற்றவர்களே கோப்புகளைத் தரத் தொடங்கினர். அரிஸ்டா பதிவு செய்தவருக்குத் தன் மெய்நிகர் இமேஜைக் கட்டணமின்றி அளிக்கிறது. நோக்கியா தன் எஸ்ஆர் லினக்ஸை 2021இல் பொதுவில் வைத்தது. பல ரவுட்டர்களைக் கொள்கலன்களாக நொடிகளில் எழுப்பும் கன்டெய்னர்லேப் என்ற கட்டற்ற கருவியும் அங்கிருந்தே வந்தது. ஆலிவ் என்ற பெயரில் தன் இயங்குதளம் உரிமமின்றி வீட்டுக் கணினிகளில் ஓடுவதை நெடுங்காலம் கண்ட ஜூனிப்பர், 2023 முதல் வீஜூனோஸ் இமேஜ்களை ஆய்வகப் பயனுக்கு இலவசமாக்கியது. சிஸ்கோவும் அண்மையில் தன் மாடலிங் லேப்ஸின் இலவசப் பதிப்பை வெளியிட்டது. ஐந்து கணுக்கள் வரை. மேகக் கணினியும் தானியங்கு அமைப்பும் வந்தபின், கற்றவர் இல்லாத இயங்குதளத்தை யாரும் வாங்கமாட்டார்கள் என்பதை விற்போர் உணர்ந்ததே இதன் காரணம்; உரிமைவாதம் வென்றதனால் நேர்ந்ததன்று. ஐந்து கணுக்களில் ஓஎஸ்பிஎஃப்பின் அடிப்படை நன்றாக விளங்கும். ஒரு சேவையாளரின் முதுகெலும்புப் பிணையத்தை, எல்லை ரவுட்டர்களும் வாடிக்கையாளர் முனைகளும் சேர, அமைத்துப் பார்க்க அது போதாது. அப்போது மாணவர் எஃப்ஆர்ஆரின் பக்கம் திரும்புகிறார். ஜீப்ராவின் வழித்தோன்றலுக்கு இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த வாசகர் இவர்.

2023 ஜூன் 5 அன்று கேரள அரசின் கேஃபோன் ஒளியிழைப் பிணையம் தொடங்கிவைக்கப்பட்டது. இணையத்தை அடிப்படை உரிமையாக அறிவித்த மாநிலத்தின் திட்டம் அது. மின்வாரியத்தின் கம்பங்கள் வழியே செல்லும் அந்த இழைகளை இயக்கவும் பழுதுபார்க்கவும் ரவுட்டர் அறிந்தோர் தேவை.

பழைய இமேஜ்களின் நிலை மட்டும் மாறவில்லை. டைனமிப்ஸ் ஓட்டிய வரிசைகளின் விற்பனையும் ஆதரவும் நின்றுவிட்டன; அவற்றின் மென்பொருளை இன்று சட்டப்படி பெற ஏறக்குறைய வழியில்லை. இந்தியப் பிணையங்களின் முதல் இருபது ஆண்டுகளை ஆராய விரும்புபவர், அன்றைய அமைப்புக் கோப்பு ஒன்று கையில் கிடைத்தாலும், அதை மீண்டும் உயிர்ப்பித்துப் பார்க்க அந்த இமேஜ்களே வேண்டும். அவை எந்த நூலகத்திலும் இல்லை. கழக்கூட்டத்திலும் ஸ்ரீகார்யத்திலும் வசித்துப் பின்னர் வளைகுடாவுக்கும் பெங்களூருக்கும் போய்விட்டவர்களின் பழைய வன்தட்டுகளில் இருக்கலாம். வீட்டு ஆய்வகங்களில் அதிகம் புழங்கிய 12.4 பதிப்பு, டைனமிப்ஸ் பிறந்த அதே 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்தியச் சட்டத்தின் எந்தக் கணக்கில் பார்த்தாலும் 2065ஆம் ஆண்டு முடியும்வரை அது பொதுவுடைமை ஆகாது.